பழுதை யார் சுமப்பது?

குருகொட ஓயா பாயும் ருவான்வெல்லையில், நகருக்குச் சற்று அப்பால், இறப்பர் மரங்களின் நிழல் விழும் ஒரு தகரக் கொட்டகையின் கீழ், சென்ற ஆண்டு நான்கு மாத காலம் ஒரு கார் அசையாமல் நின்றது. நம் பாதைகளில் அன்றாடம் காணும் கார் அன்று அது. இருவர் மட்டுமே அமரக்கூடியது. துணிக்கூரையை மடக்கிவிட்டால் தலைக்கு மேல் வானம் தெரிவது. தரையைத் தொட்டுவிடுமோ என அஞ்சும்படி தாழ்ந்து ஓடுவது. இங்கிலாந்தில் 1964ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி. மிட்ஜெட் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். அதன் எஞ்சின் பழுதாகிவிட்டது. திருத்துவதா, விற்றுவிடுவதா என்று அதற்கு உரியவர் நம்மிடம் யோசனை கேட்டார்.

லயத்துக் கூரை ஒழுகுவதையும், பால் வெட்டும் தொழிலாளியின் கூலி போதாமையையும் பேச வேண்டிய பக்கங்களில் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் நண்பரின் கேள்வியை அவிழ்க்க அவிழ்க்க, அது ஒரு காரைப் பற்றிய கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. பழுதடைந்த ஒன்றை வைத்திருப்பவன் அதற்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? அதை வாங்க வருபவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? தன் வீட்டாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? இம்மூன்று கடன்களும் ஒன்றோடொன்று மோதும்போது எதை முதலில் தீர்ப்பது? இவை நம் எல்லோருக்கும் உரிய கேள்விகள்.

நண்பர் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர். ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய தகப்பனார் துரையின் பங்களாவில் வேலை செய்தவர். காரைக் கழுவுவதும், துடைப்பதும், சில்லுகளுக்குக் காற்று அடிப்பதும் அவர் வேலை. ஓட்டுவது துரை. 1972இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து, 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையானபோது, துரை தம் நாட்டுக்குத் திரும்பினார். கூட எடுத்துச் செல்ல முடியாத அந்தக் காரை, பல ஆண்டுகள் அதைத் துடைத்தவருக்கே, அவருடைய சேமிப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு கொடுத்துப் போனார். அப்பொழுது காருக்கு அரசாங்கம் கொடுத்த பதிவுப் புத்தகம் இருந்தது. அதை வாங்கியவருக்கோ குடியுரிமை இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டம் பறித்ததை, எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் திருப்பிக் கொடுக்கும் முன்னரே அவர் கண்ணை மூடிவிட்டார்.

சென்ற ஆண்டு ஒரு நாள் நண்பர் மகளை ஏற்றிக்கொண்டு அவிசாவளைக்குப் போய்த் திரும்புகையில், வெப்பமானியின் முள் மேலேறிற்று. இன்னும் சிறிது தூரந்தானே என்று ஓட்டினார். வீட்டை எட்டும் முன் வண்டி நின்றது. மறுநாள் கராஜ் பாஸ் எண்ணெய் அளக்கும் கோலை வெளியே இழுத்தபோது, கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் வெள்ளையாக, வாளியில் வடிந்த இறப்பர்ப் பால்போல் ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணெயோடு தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்ததில், எஞ்சினின் வார்ப்பு இரும்பு உடலிலேயே ஒரு விரிசல் ஓடியிருந்தது.

பாஸ் மூன்று வழிகளைச் சொன்னார். ஒன்று, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வேறொரு எஞ்சின் தேடி மாற்றுவது. செலவு நண்பரின் எட்டு மாதச் சம்பளம். இரண்டு, உள்ளதை உள்ளபடி விற்பது, கிடைப்பது சொற்பம். மூன்றாவது வழியைச் சொன்னவர் பாஸ் அல்லர், அவரருகே நின்ற கையாள். விரிசலில் பசை பூசி, மேலே வர்ணம் அடித்து, கனத்த எண்ணெய் ஊற்றிவிட்டால் எஞ்சின் ஒரு மாதமாவது இனிமையாக ஓடும். அந்த ஒரு மாதத்திற்குள் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்றான். பாஸ் அதை மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. தலையைக் குனிந்து ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் திருத்துவதைப் பற்றி எண்ணிப் பார்ப்போம்.

இந்தக் காருக்கு ஒரு வரலாறு உண்டு. எம்.ஜி. என்னும் எழுத்துகள் மொரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஒக்ஸ்ஃபோர்ட் நகரில் இளமையில் சைக்கிள் திருத்திப் பிழைத்த வில்லியம் மொரிஸ் என்பவர் நடத்திய கராஜின் பெயர் அது. துரைமார் பெருமையோடு உச்சரித்த பெயரின் அடியில் ஒரு திருத்தகமே இருக்கிறது. அதைவிடச் சுவையானது ஒன்று. 1964இன் மிட்ஜெட்டில் உள்ள 1098 சி.சி. எஞ்சினும், அக்கால மொரிஸ் மைனரில் உள்ள எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மொரிஸ் மைனர் ஏழை ஆசிரியரின் கார், எழுதுவினைஞரின் கார், வாடகைக் கார். ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு கார்புரேட்டர்களைப் பொருத்தி, சற்று முறுக்கேற்றியிருந்தார்கள், அவ்வளவே. துரையின் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு மலையேறியபோதும், வாத்தியாரின் கார் முக்கி முனகி ஏறியபோதும் உள்ளே துடித்தது ஏறக்குறைய ஒரே நெஞ்சுதான். ஆகவே பழைய மொரிஸ் மைனர் ஒன்றின் எஞ்சினை, சிற்சில மாற்றங்களோடு, இதில் வைத்துவிடலாம் என்றார் பாஸ்.

அப்படி வைத்தால் அது தகப்பனாரின் காராகவே இருக்குமா? நண்பரை வாட்டிய முதற் கேள்வி இதுதான். இக்கேள்வியைக் கிரேக்கர் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார்: பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது பழைய கப்பலா, புதியதா? நம் பக்கத்து மரபில் இது இன்னும் கூர்மையாகக் கேட்கப்பட்டிருக்கிறது. பாலி நூலான மிலிந்த பஞ்ஹாவில், தேரேறி வந்த மிலிந்த மன்னனைப் பார்த்து நாகசேனர் வினவுகிறார்: தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா? இவற்றில் எதுவும் தேர் அன்று. இவற்றை நீக்கிவிட்டாலும் தேர் இல்லை. பகுதிகள் ஓர் ஒழுங்கில் சேர்ந்திருக்கும்போது நாம் இடும் பெயரே தேர். அவர் பேச வந்தது மனிதனைப் பற்றி. ஆயினும் காருக்கும் அது பொருந்தும்.

பொருந்தினால், நண்பரின் கவலைக்கு ஒரு விடை கிடைக்கிறது. தகப்பனார் அந்தக் காரில் விட்டுச் சென்றது இரும்பை அன்று. அவர் எஞ்சினைத் தொட்டவரே அல்லர். விட்டுச் சென்றது ஒரு கவனம். காலை தவறாமல் ஒரு பொருளைத் துடைத்து, அதன் குரலைக் கேட்டு வைக்கும் கவனம். வேறு எஞ்சினை வைத்தாலும் அது அழியாது. எஞ்சின் மாற்றாமல் விட்டாலும் அது தானாக நிலைக்காது. வெப்பமானியின் முள் மேலேறியபோது, தகப்பனார் உயிரோடிருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பார் என்று நண்பரே வருந்திக் கூறினார். பழுது அன்றைக்கே, அந்தப் பாதையிலேயே நிகழ்ந்துவிட்டது.

திருத்துதல் என்னும் சொல்லை நம்மவர் எவ்வளவு இடங்களில் ஆளுகிறோம்! மாணவனின் கட்டுரையைத் திருத்துகிறோம், பிள்ளையின் நடத்தையைத் திருத்துகிறோம், கடிகாரத்தைத் திருத்துகிறோம். காடு திருத்தி நாடாக்கினோம் என்று மலையகத்தார் சொல்வதில் இரண்டு நூற்றாண்டுகளின் வியர்வை இருக்கிறது. அச்சொல்லுக்கு நம் நெஞ்சில் ஒரு மதிப்பு உண்டு. அதனாலேயே திருத்துவது எப்பொழுதும் நல்லது, விற்பது எப்பொழுதும் கைவிடுவது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் சரியன்று. நண்பரின் மகள் தாதியர் கல்விக்குக் கட்டணம் செலுத்த வேண்டிய ஆண்டு அது. எட்டு மாதச் சம்பளத்தைக் கொட்டிச் செத்த எஞ்சினுக்கு உயிர் கொடுத்துவிட்டு, உயிரோடிருக்கும் பெண்ணின் படிப்பை நிறுத்தினால், அது தகப்பனாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று போற்றுகிறோம். ஓடக்கூடிய தேரையே, துவளும் ஒரு கொடிக்கு வேண்டியிருக்கிறது என்று விட்டுச் சென்றவனைப் போற்றும் நாம், ஓடாத தேரை ஒரு பெண்ணின் படிப்புக்காக விட்டுவிடத் தயங்க வேண்டியதில்லை.

எனவே விற்பது என்ற முடிவில் நமக்குத் தடையில்லை. எப்படி விற்பது என்பதில்தான் உண்மையான சிக்கல்.

2020இல் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய இரும்புக்கெல்லாம் பொன்னின் விலை சொன்னார்கள். அந்த விலையின் சூடு இன்னும் முற்றாக ஆறிவிடவில்லை. பழங்கார்களைச் சேர்த்து வைக்கும் கொழும்புச் செல்வர் ஒருவர் இந்தக் காரைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியிருந்தார். ஓடும் நிலையில் இருந்தால் அவர் கொடுக்க முன்வந்த தொகை மகளின் படிப்பு முழுவதற்கும் போதுமானது. ஓடாத நிலையில் அதில் பாதிகூட இல்லை. கையாள் சொன்ன ஒரு மாதப் பூச்சு இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவே பாலமாக நின்றது.

நண்பர் நம்மிடம் மனம் திறந்து பேசினார்: “அண்ணே, கொழும்புக்காரரு பெரிய பணக்காரரு. அவருக்கு இது விளையாட்டுச் சாமான். தாத்தா காலத்துல இருந்து நம்மள எவ்வளவு ஏமாத்தியிருக்காங்க! ஒரே ஒரு தடவ நான் வாயத் தொறக்காம இருந்தா அது பாவமா?”

இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. நேர்மை நேர்மை என்று உபதேசம் செய்பவர்கள், நேர்மைக்கு யார் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதில்லை. செல்வர் உண்மை பேசினால் அவருக்குச் சிறிது இலாபம் குறையும். ஏழை உண்மை பேசினால் அவன் பிள்ளையின் படிப்பு குறையும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

விற்பவன் வாய் திறக்க வேண்டுமா என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வாதாடியிருக்கிறார்கள். கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில், பாபிலோனின் டயோஜெனிஸ், தார்சஸின் அந்திபேட்டர் என்னும் இரு தத்துவ ஞானிகளின் வழக்கை எடுத்துரைக்கிறார். ஒருவன் வீடு விற்கிறான். அது நோய் தரும் வீடு, மரங்கள் உளுத்தவை, அவனைத் தவிர வேறெவரும் அதை அறியார். சொல்ல வேண்டுமா? சொல்லாதிருப்பது ஒளிப்பதாகாது, வாங்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிறார் முன்னவர். வழி தவறி நிற்பவனுக்கு வழி காட்ட மறுப்பதைவிடவும் இது கொடியது, தெரிந்தே ஒருவனைப் பிழையில் தள்ளுவது என்கிறார் பின்னவர். சிசரோ பின்னவரின் பக்கம் நிற்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணிச் செய்வதே வாணிகம் என்று வள்ளுவர் வகுத்ததும் இந்தப் பக்கமே. 1896ஆம் ஆண்டின் பண்ட விற்பனைக் கட்டளைச் சட்டத்தோடு இலங்கைக்கு வந்த ஆங்கில மரபோ, ஆராய்ந்து பார்ப்பதைப் பெரும்பாலும் வாங்குபவன் தலையில் சுமத்துகிறது. சட்டம் நின்றுவிடும் இடத்தில் அறம் தொடங்குகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஆனால் ஞானிகளின் இந்த வாதம் எங்கிருந்து தொடங்கியது என்பதை மறக்கலாகாது. விற்கும் பொருளின் மறைந்த குற்றங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று உரோமாபுரிச் சந்தை அதிகாரிகள் ஆணையிட்டது வீடுகளுக்காக அன்று, அடிமைகளுக்காகவும் கால்நடைகளுக்காகவும். இவனுக்கு என்ன நோய், இவன் ஓடிப்போகும் பழக்கமுள்ளவனா என்று விற்பவன் அறிவிக்க வேண்டும். வாங்குபவன் ஏமாறக் கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை! விற்கப்படுபவனும் மனிதன் என்பதில் எவருக்கும் அக்கறை இல்லை.

இதைப் படிக்கும் மலையகத்தாருக்குத் துண்டு முறை நினைவுக்கு வரும். தொழிலாளி பட்ட கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தக் கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவனை அனுப்பிவைத்தார்கள். 1921இல் சட்டம் அதை ஒழிக்கும் வரையில், ஆள் கைமாறினான். அவனோடு கடனும் கைமாறிற்று. 1964இல் கொழும்பும் டில்லியும் ஒப்பந்தம் செய்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டன. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்னும் கேள்வி நம்மைப் பற்றியே கேட்கப்பட்டது; நம்மை யாரும் கேட்கவில்லை. நண்பரின் கோபம் இந்த வரலாற்றிலிருந்து பிறந்தது. அது நியாயமான கோபம்.

கோபம் நியாயமானது என்பதால், அந்தப் பூச்சும் நியாயமாகிவிடுமா? ஆகாது என்பதே நம் கருத்து. காரணங்களைச் சொல்வோம்.

கொழும்புச் செல்வர் ஏமாந்து போவார் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவர் நீண்ட நாள் ஏமாந்திருக்க மாட்டார். எஞ்சின் நின்றதும் அவருடைய மெக்கானிக் விரிசலைக் கண்டுபிடிப்பான். செல்வர் அதே பூச்சை மறுபடி பூசி வேறொருவருக்கு விற்பார். அவர் இன்னொருவருக்கு விற்பார். ஒவ்வொரு கையிலும் அறிந்தவன் அறியாதவனிடம் தள்ளுவான். மேட்டிலிருந்து நீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல், மறைத்த பழுது கீழ்நோக்கியே ஓடும். கடைசியில் அது தங்கும் இடம், ஆராய்ந்து பார்க்க ஆளும் பணமும் இல்லாத ஒருவனின் வாசல். மேலே இருப்பவனைப் பழிவாங்குவதாக நினைத்து எறியும் கல், நம்மைப் போன்ற ஒருவன் தலையிலேயே விழும். நம் பாட்டனாரை ஏமாற்றியவர்களும் இப்படித்தான் செய்தார்கள்: இலண்டனில் இறப்பர் விலை விழுந்தால், அந்த வீழ்ச்சி படிப்படியாக இறங்கி வந்து பிரட்டுக் களத்தில் நிற்பவனின் கூலியில் முடிந்தது. பழுதைக் கீழே தள்ளும் அந்த ஏற்பாட்டைத்தான் நாம் எதிர்க்கிறோம். அதில் ஒரு படியாக நாமே நின்றுகொண்டு, அதை எதிர்ப்பதாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் அந்தக் கையாள். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். தோட்டத்திலிருந்து வேலை பழக வந்தவன். அவன் கை இப்பொழுதுதான் தொழில் படிக்கிறது. விரிசலை மூடி மறைப்பதற்கு நாம் காசு கொடுத்தால், அவன் கற்கும் முதல் பாடம் அதுவாகும். பாஸ் தலை குனிந்து நட்டைத் துடைத்ததன் பொருள் நமக்குப் பிறகுதான் விளங்கிற்று. தன் தொழிலுக்கு நேரும் அவமானத்தை, வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் அவர்.

மூன்றாவது, பாதை. யட்டியாந்தோட்டைக்கு மேலே கினிகத்தேனைப் பக்கம் ஏறும் வளைவுகளை அறிந்தவர்களுக்கு, எஞ்சின் திடீரென இறுகி நின்றால் என்ன நேரும் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே ஏழை பணக்காரன் என்ற பேதம் இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் நண்பரின் நட்டம் நட்டமாகவே இருக்கிறது. நம் வாதம் அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. ஆகவே, உண்மை பேசு என்று அவருக்குச் சொல்லும் உரிமை, அந்த உண்மையின் விலையில் ஒரு பங்கையேனும் ஏற்றுக்கொள்ள முன்வருபவருக்கே உண்டு என்று நமக்குத் தோன்றிற்று. இதே ருவான்வெல்லைத் தொகுதி 1936இல் என். எம். பெரேராவைச் சட்டசபைக்கு அனுப்பியது. 1934–35இன் மலேரியாக் கொள்ளைநோயின்போது பட்டினி கிடந்தவர்களுக்குப் பருப்புப் பங்கிட்ட அவரைச் சனங்கள் ‘பருப்பு மாத்தையா’ என்று அழைத்தார்கள். நோயைப் பற்றி உபதேசம் செய்ததற்காக யாரும் அவருக்கு அப்பெயர் இடவில்லை.

நடந்தது இதுதான். நண்பர் ஒரு தாளில் காரின் குற்றங்களை வரிசையாக எழுதினார்: எஞ்சின் உடலில் விரிசல், எண்ணெயில் தண்ணீர், வெப்பம் ஏறிய பின்னும் ஓட்டியது. கடைசி வரியை எழுத வேண்டியதில்லை என்று பாஸ் சொல்லியும் எழுதினார். கொழும்புச் செல்வரின் ஆள் அதைப் படித்துவிட்டு, விலையைப் பாதிக்கும் கீழே இறக்கினான். வேறு வழியில்லை, நண்பர் இசைந்தார். படிப்புக் கட்டணத்தில் குறைந்த தொகைக்கு, அவருடன் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் சீட்டு ஒன்று சேர்ந்து, முதற் சீட்டை அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். நாமும் அதில் ஒருவராகச் சேர்ந்தோம். அந்தக் கடனை அவர் இன்னும் மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கிறார். மனம் நிறைந்துவிட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மாதக் கடைசியில் அந்த முழுத் தொகையை நினைத்துப் பார்ப்பதாக ஒருமுறை வெளிப்படையாகவே சொன்னார். அவரைக் குறை சொல்ல நம்மால் முடியவில்லை.

காரைப் பாரவண்டியில் ஏற்றிய அன்று காலை நாமும் அங்கே போயிருந்தோம். அரை மணி நேரம் முன்னதாகவே நண்பர் வந்து, வாளியில் தண்ணீர் எடுத்து, தகப்பனார் செய்ததுபோல் அதைக் கழுவித் துடைத்தார். மகள் சில்லுகளைத் துடைத்தாள். கையாள் பையன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து, முன்மூடியைத் திறந்து, யாரும் சொல்லாமலே அந்த விரிசலைச் சுற்றியிருந்த அழுக்கைத் துடைத்து, வாங்குபவரின் கண்ணுக்கு அது தெரியும்படி விட்டான்.